மராக்கேஷில் எங்கே தங்குவது? பாமரே ரிசார்ட்டா, பழைய நகரத்து ரியாத்தா?

அடையாறுவாசி

எல்லாருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறைக்கு மொராக்கோ போகிறோம். துபாய் வழியாகக் காசாபிளாங்கா, அங்கிருந்து ரயிலில் மராக்கேஷ். மராக்கேஷில் மட்டும் ஆறு இரவு. நாங்கள் ஐந்து பேர்: நான், கணவர், மாமியார், மகள், மகன். மாமியாருக்கு வயது 68, முழங்கால் வலி உண்டு. சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். மகளுக்கு 11, மகனுக்கு 6.

டிக்கெட் எடுத்தாயிற்று, இ-விசாவுக்கும் விண்ணப்பித்தாயிற்று. தங்கும் இடம் மட்டும்தான் முடிவாகவில்லை. கணவர் நகரத்துக்கு வெளியே பாமரே என்ற பேரீச்சந்தோப்புப் பகுதியில் ஒரு பெரிய ரிசார்ட் பார்த்து வைத்திருக்கிறார். வருஷம் முழுக்க ஓடுகிறோம், விடுமுறையிலாவது அம்மா படி ஏறி இறங்காமல் நிம்மதியாக இருக்கட்டும் என்கிறார். எனக்கு மதீனாவுக்குள், அதாவது மதில் சூழ்ந்த பழைய நகரத்துக்குள், ஒரு ரியாத்தில், அதாவது விடுதியாக மாற்றிய பழைய முற்றத்து வீட்டில், தங்க ஆசை. நடுவில் முற்றம், நீரூற்று, ஆரஞ்சு மரம், மேலே மொட்டைமாடி என்று படத்தில் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. அவ்வளவு தூரம் போய், உலகில் எங்கேயும் கிடைக்கிற மாதிரி ஒரு அறையில் தூங்குவதா என்று தோன்றுகிறது.

இரண்டிலும் தங்கியவர்கள் உண்மை நிலவரம் சொல்லுங்கள். அறை ஒதுக்கிவைக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது.

லாஷப்பெல்காரன்

வணக்கம் அக்கா. நான் பாரிஸில் இருக்கிறேன். இங்கிருந்து மராக்கேஷுக்கு மூன்று மணி நேரம் சொச்சம்தான் பறப்பு. விலை குறைவாகக் கிடைக்கும்போதெல்லாம் குடும்பத்தோடு போய் வருகிறோம். என் பதில் ரியாத்.

காரணம் சொல்கிறேன். மராக்கேஷில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் அந்த மதிலுக்குள்ளேயே இருக்கின்றன. ஜமா எல் ஃப்னா சதுக்கம், சந்தைத் தெருக்கள், பென் யூசுஃப் மதரசா, பஹியா அரண்மனை, எல்லாம் நடை தூரம். பாமரே ரிசார்ட்டில் இருந்தால் ஒவ்வொரு முறையும் கார் வேண்டும். நெரிசலைப் பொறுத்து அரை மணி நேரம்கூட ஆகும். ரிசார்ட் வண்டி பத்து மணிக்கு இறக்கிவிட்டு மாலை ஐந்துக்கு ஏற்றிக்கொள்ளும். கடைகளில் கூட்டம் நெருக்குகிற நேரமும் அதுதான்.

மதீனாவின் நல்ல நேரம் இரண்டு. ஒன்று காலை, கடைகள் திறப்பதற்கு முன். தெருவைக் கழுவிவிட்டிருப்பார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள், பெண்கள் பிசைந்த மாவைத் தட்டில் வைத்துத் துணியால் மூடித் தெருவின் பொது அடுப்புக்குக் கொண்டுபோவார்கள். மற்றது இருட்டத் தொடங்கும் நேரம். சதுக்கத்தில் உணவுக் கடைகளை வண்டியில் கொண்டுவந்து பூட்டி நிறுத்துவார்கள், புகை எழும், க்னாவா இசைக்காரர்கள் வட்டம் கட்டுவார்கள். உள்ளே தங்கியிருக்கிறவருக்கு இந்த இரண்டும் சும்மாவே கிடைக்கும். நடுவில் களைத்துப் போனால் வீட்டுக்கு நடந்து போய் மதியம் படுத்து எழும்பலாம். சின்னப் பிள்ளை இருக்கிற குடும்பத்துக்கு இந்த மதியத் தூக்கம் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே தெரியும்.

ரியாத்துக்குப் போகும் தெருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தெர்ப் என்று சொல்லுகிற முட்டுச்சந்து, இரண்டு பக்கமும் ஜன்னல் இல்லாத செம்மண் நிறச் சுவர், ஒரு சின்னக் கதவு. இங்கே என்ன இருக்கப் போகிறது என்றுதான் தோன்றும். கதவு திறந்து ஒரு வளைவு திரும்பினால் உள்ளே வெளிச்சம்.

ஜுமைரா ராஜாளி

நான் ரிசார்ட் பக்கம். துபாயிலிருந்து எழுதுகிறேன். அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனவன் என்ற முறையில் சில விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும்.

முதலாவது படிகள். ரியாத்தில் லிஃப்ட் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டு குறுகல், ஒவ்வொரு படியும் உயரம், பல இடங்களில் பிடிக்கக் கைப்பிடி இல்லை. காலை உணவு, மாலைத் தேநீர் எல்லாம் மொட்டைமாடியில் வைப்பார்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு அந்த மொட்டைமாடி படத்தோடு சரி.

இரண்டாவது குளிர். டிசம்பர் கடைசியில் மராக்கேஷில் பகல் 18, 19 டிகிரி, இதமாக இருக்கும். ராத்திரி 6 டிகிரிக்கு இறங்கும். மேலே திறந்த முற்றம், அறைக் கதவு நேராக அதில் திறக்கும். குளியலறைக்குப் போனாலே நடுங்குவோம். சென்னையிலிருந்து போகிற பெரியவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவது, பையன். ரியாத் முற்றத்தில் சின்னதாக ஒரு குளம் இருக்கும், சுற்றித் தடுப்பு இருக்காது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் சில இடங்களில் இடுப்பளவுகூட வராது. ஆறு வயசுப் பையனை ஒரு நிமிஷம் விட முடியாது. ரிசார்ட்டில் ஓட இடம் உண்டு. கார் வாசல்வரை வரும், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மாத்திரை வேண்டுமென்றாலும் கேட்க ஆள் உண்டு.

இன்னொன்று. மதீனாவில் தெருவுக்குத் தெரு பையன்கள் வந்து, இந்த வழி மூடியிருக்கிறது, நான் கூட்டிப் போகிறேன் என்பார்கள். வழி மூடியிருக்காது. கூட நடந்தால் காசு கேட்பார்கள். இளைஞர்கள் சமாளிப்பார்கள். பெரியவர்களோடு போகும்போது அது அலுப்பு.

சொகுசு வேண்டும், ஆனால் ஊருக்கு வெளியே போக வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 1923-இல் திறந்த லா மமூனியா மதிலுக்கு உள்ளேயே இருக்கிறது. சர்ச்சில் வந்து தங்கிப் படம் வரைந்த ஹோட்டல். குத்துபியா மசூதி பக்கத்திலேயே. ராயல் மன்சூர் 2010-இல் திறந்தது. அதில் அறைகளே கிடையாது, 53 தனித்தனி ரியாத் வீடுகள். பணியாளர்கள் தரைக்கு அடியில் சுரங்கப்பாதை வழியாக வந்து போவார்கள். விலை கேட்டால் மயக்கம் வரும். ஆனால் ரிசார்ட், ரியாத் என்று இரண்டே கட்சியாகப் பிரிக்க முடியாது என்பதற்காகச் சொன்னேன்.

செங்கற்சூளை

கட்டடக்கலைத் துறையில் இருக்கிறேன். ஃபெஸ், மராக்கேஷ் இரண்டு ஊரிலும் பழைய வீடுகளை அளந்து பார்க்கவே போயிருக்கிறேன். ராஜாளி சொன்ன படியும் குளிரும் உண்மை. ஆனால் அந்த வீடு ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்தால், எந்த ரியாத்தை எடுப்பது என்பதும் தெரிந்துவிடும்.

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் வெளியே வெயில் கொளுத்தும்போது முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களா? அதே அறிவுதான் அங்கேயும். வித்தியாசம், நம் வீட்டுக்குத் திண்ணையும் தெருவைப் பார்த்த முகமும் உண்டு. ரியாத்துக்கு வெளிமுகமே கிடையாது. அலங்காரம் எல்லாம் உள்ளே திரும்பியிருக்கும். வெளிச்சம், காற்று, மரம், தண்ணீர் எல்லாம் முற்றத்திலிருந்துதான். சுவர் தடிமன், மண்ணும் சுண்ணாம்பும். கோடையில் வெளியே 40 டிகிரி இருக்கும்போதும் கீழ்த்தளம் தாங்கும்.

நாலு பாத்தியாகப் பிரித்த தோட்டமும் நடுவில் நீரும் இருந்தால்தான் சரியான ரியாத். கல் பாவிய சின்ன முற்றம் மட்டும் இருந்தால் தார் என்பார்கள். இன்று விளம்பரத்தில் எல்லாமே ரியாத். அதில் தவறு ஒன்றும் இல்லை, பல தார் வீடுகள் அருமையாக இருக்கின்றன. ஆனால் முற்றம் சிறியதாகவும் வீடு மூன்று தளமாகவும் இருந்தால் கீழறை பகலிலும் இருட்டாக இருக்கும். முற்றத்தின் அகலத்தைப் படத்தில் பாருங்கள். அறையின் படம் அதற்குப் பிறகு.

கைவேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. குளியலறைச் சுவரில் வழவழவென்று ஒரு பூச்சு இருக்கும், ததலாக்த் என்று பெயர். சுண்ணாம்பைப் பூசி, ஆற்றுக் கூழாங்கல்லால் மணிக்கணக்காகத் தேய்த்து, ஆலிவ் எண்ணெயில் செய்த கறுப்புச் சோப்பை ஏற்றி மெருகிடுவார்கள். தண்ணீர் இறங்காது. தரையிலும் சுவரின் கீழ்ப்பாதியிலும் ஸெலீஜ், அதாவது சூளையில் சுட்ட ஓட்டைச் சுத்தியலால் கொத்திக் கொத்தி வெட்டிப் பதித்த வடிவங்கள். அதற்கு மேல் செதுக்கிய சாந்து, எல்லாவற்றுக்கும் மேல் அட்லஸ் மலைத் தேவதாரு மர உத்தரம். ஒரு சுவரில் கீழிருந்து மேலே கண்ணை ஓட்டினால் மூன்று நான்கு தொழிலாளர் குலங்களின் கை தெரியும். ரிசார்ட்களிலும் இதே பொருள்களை வைத்துக் கட்டுகிறார்கள், சிலவற்றில் நன்றாகவும் செய்கிறார்கள். ஆனால் குடும்பம் வாழ்வதற்காகக் கட்டிய வீட்டில் உள்ள அளவு வேறு. அங்கே உட்கார்ந்தால் உடம்புக்குத் தெரியும்.

எங்கே தங்கினாலும் பஹியா அரண்மனையையும், மூவாசின் பகுதியில் இருக்கும் லெ ஜார்தான் செக்ரே தோட்டத்தையும் பார்த்துவிடுங்கள். ரியாத் என்ற யோசனை முழு அளவில் எப்படி இருக்கும் என்று அங்கே தெரியும்.

நிலநடுக்கம் பற்றி யாராவது கேட்பார்கள். 2023 செப்டம்பர் 8 இரவு, 6.8 அளவு, மையம் தென்மேற்கே அட்லஸ் மலையில். ஏறத்தாழ மூவாயிரம் பேர் இறந்தார்கள். பெரும் அழிவு மலைக் கிராமங்களில். மதீனாவிலும் மதில் சில இடங்களில் சிதைந்தது, சதுக்கத்து ஓரத்தில் இருந்த கர்பூஷ் மசூதியின் கோபுரம் இடிந்தது, பழைய வீடுகள் பலவற்றில் விரிசல். அதற்குப் பிறகு பொறியாளர் பார்த்துப் பழுது நீக்கிய வீடா என்று கேட்பது நம் உரிமை. ஒழுங்கான உரிமையாளர் விவரமாகப் பதில் எழுதுவார்.

அடையாறுவாசி

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. ராஜாளி அண்ணா எழுதியதைக் கணவரிடம் காட்டினேன், அவருக்கு ஒரே சந்தோஷம். செங்கற்சூளை ஐயா எழுதியதை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

கீழ்த்தள அறை கேட்டு வாங்கினால் மாமியார் பிரச்சினை தீருமா? சாப்பாடு எப்படி? விடிகாலைத் தொழுகை அழைப்பு தூக்கத்தைக் கெடுக்குமா? மாமியாருக்குத் தூக்கம் லேசு.

மரக்கறிப்பிரியை

சாப்பாட்டுக்கு நான் பதில் சொல்கிறேன், சுத்த சைவமாக மொராக்கோவைச் சுற்றி வந்தவள்.

ரியாத் காலை உணவு உங்கள் மாமியாருக்குப் பிடிக்கும். ம்ஸெமென் என்று மடித்து மடித்துத் தட்டிக் கல்லில் சுட்ட சதுர ரொட்டி, ரவையில் செய்து மேலெல்லாம் துளை விழுந்த பக்ரீர், தேன், வாதாம் பருப்பும் ஆர்கன் எண்ணெயும் அரைத்த அம்லூ, ஆலிவ், ஆரஞ்சுச் சாறு, புதினாத் தேநீர். வழக்கமான ம்ஸெமென், பக்ரீர் இரண்டிலும் முட்டை சேர்ப்பதில்லை. ஆனாலும் ஒருதரம் கேட்டுவிடுங்கள். கேக், ஆம்லெட் வந்தால் ஒதுக்கிவிடலாம்.

மதியமும் இரவும்தான் கவனம் வேண்டும். ஏழு காய்கறி கூஸ்கூஸ் (ஆவியில் வேகவைத்த ரவை மணி) என்று பட்டியலில் இருக்கும், ஆனால் இறைச்சி வெந்த சாற்றில்தான் காய்களை வேகவைப்பது அங்கே வழக்கம். ஹரீரா சூப்பிலும் பெரும்பாலும் இறைச்சித் துண்டு இருக்கும். உணவகத்தில் காய்கறித் தாஜின், அதாவது கூம்பு மூடிச் சட்டியில் வேகவைத்த குழம்பு, கேட்டாலும் அது எந்தச் சாறு என்று நமக்குத் தெரியாது. தைரியமாகச் சாப்பிடக்கூடியவை ஸாலூக் என்ற சுட்ட கத்தரிக்காய் மசியல், தக்துகா என்ற தக்காளி குடைமிளகாய்க் கூட்டு, பிஸாரா என்ற, மொச்சை போன்ற ஃபாவா பயற்றில் செய்த சூப், பருப்பு, வெள்ளைப் பீன்ஸ். சீரகமும் ஆலிவ் எண்ணெயும் போட்டுத் தருவார்கள், நம் வாய்க்கு நன்றாக இருக்கும். கையில் ஊறுகாய் பாட்டில் ஒன்று போதும்.

இங்கேதான் ரியாத்துக்கு நான் வாக்களிக்கிறேன். ரிசார்ட்டில் பஃபே பெரிதாக இருக்கும், ஆனால் சமையல்காரரிடம் நேரே பேச முடியாது. ரியாத்தில் சமைக்கிற அம்மாவை தாதா என்பார்கள். காலையிலேயே அடுப்படிக்குப் போய், இறைச்சி வேண்டாம், கோழி வேண்டாம், மீன் வேண்டாம், சாறும் தண்ணீரில்தான் என்று சொன்னால் சாயங்காலம் தனிப் பாத்திரத்தில் வந்துவிடும். நான் இருந்த வீட்டில் அந்த அம்மா என்னைக் கூடவே நிறுத்தி, பூசணிக்காயும் கொண்டைக்கடலையும் போட்டுத் தாஜின் எப்படி அடுக்குவது என்று காட்டிக் கொடுத்தார். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை. அப்படியும் ராஸ் எல் ஹானூத் மசாலாவில் என்னென்ன போகிறது என்று ஒவ்வொன்றாக முகரவைத்துச் சொல்லிவிட்டார்.

லாஷப்பெல்காரன்

தொழுகை அழைப்புக்குப் பதில்: டிசம்பரில் அங்கே சூரியன் எட்டு மணிக்கு மேல்தான் உதிக்கும், அதனால் காலை அழைப்பும் கோடை போல் நாலு மணிக்கு வராது. மசூதியை ஒட்டிய வீடாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் தூக்கம் கெடாது. உண்மையில் ரியாத்தில் தூக்கத்தைக் கெடுப்பது மற்ற விருந்தினர்தான். எல்லா அறையும் ஒரே முற்றத்தைப் பார்க்கும். ராத்திரி பதினொரு மணிக்கு யாராவது முற்றத்தில் இருந்து கதைத்தால் எல்லா அறைக்கும் கேட்கும்.

கீழ்த்தள அறை கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் அதன் ஜன்னல் முற்றத்துக்குத் திறப்பதால் திரையை மூடியே வைத்திருக்க வேண்டி வரும், காலையில் தட்டு கரண்டிச் சத்தமும் கேட்கும்.

இதற்கெல்லாம் ஒரே தீர்வு இருக்கிறது. நீங்கள் ஐந்து பேர். மூன்று அல்லது நான்கு அறை உள்ள சின்னத் தார் ஒன்றை முழு வீடாக எடுங்கள். மராக்கேஷில் இது வழக்கமாக நடக்கிறது, சமையலுக்கும் சுத்தம் செய்யவும் ஆள் சேர்த்தே கொடுப்பார்கள். நடுத்தர ரியாத்தில் இருவர் அறை 700 முதல் 1,500 திர்ஹாம்வரை சாதாரணமாகப் போகும், பத்து திர்ஹாம் ஏறத்தாழ ஒரு டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தாண்டு வாரத்தில் இன்னும் கூடும். மூன்று அறைக்குக் கொடுப்பதோடு கொஞ்சம் சேர்த்தால் முழு வீடே வந்துவிடும். முற்றம் உங்களுடையது, சத்தமும் உங்களுடையது. சாப்பாட்டை மொட்டைமாடிக்குப் பதிலாகக் கீழே கொடுங்கள் என்றால் கீழே கொடுப்பார்கள். மகன் முற்றத்தில் பந்து உருட்டினால் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை.

கேணிக்கரை

தங்கும் இடம் பற்றிய பேச்சில் தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மராக்கேஷ் மழை குறைந்த ஊர். 11-ஆம் நூற்றாண்டில் ஊரை நிறுவிய அல்மொராவித் அரசர்களின் காலத்தில்தான் கெத்தாரா என்ற நிலத்தடிக் கால்வாய்களை வெட்டினார்கள். அட்லஸ் பக்கத்து நிலத்தடி நீரைச் சரிவிலேயே நகர்த்தி, எந்த இயந்திரமும் இல்லாமல் தோட்டத்துக்கும் ஊருக்கும் கொண்டுவந்த முறை. பாமரே பேரீச்சந்தோப்பு வளர்ந்ததும் இந்த நீரில்தான். இன்று நிலத்தடி நீர்மட்டம் இறங்கி, கெத்தாராக்கள் பெரும்பாலும் வறண்டுவிட்டன. தோப்பின் பல பகுதிகளில் மரங்கள் நோஞ்சானாக நிற்கின்றன. அதே நிலத்தில் குளங்கள், புல்வெளி, கோல்ஃப் மைதானம்.

மொராக்கோ பல ஆண்டு தொடர்ந்து வறட்சியில் இருந்தது. 2024 தொடக்கத்தில் காசாபிளாங்கா உட்படப் பல நகரங்களில் பொது ஹம்மாம்களை வாரத்தில் மூன்று நாள் மூடச் சொன்னார்கள். வீட்டில் வெந்நீர் வசதி இல்லாத ஏழைகள் வாரம் ஒருமுறை உடம்பு தேய்த்துக் குளிக்கிற இடம் அது. அவர்களுடைய குளியலுக்குப் பூட்டு, நம் நீச்சலுக்குக் குளம் என்பது என்னால் ஏற்க முடியாத கணக்கு. இது என் நிலைப்பாடு. குடும்பத்தோடு போகிறவரைக் குற்றவாளி ஆக்குவதற்காகச் சொல்லவில்லை.

ஜுமைரா ராஜாளி

கேணிக்கரை, வருத்தம் நியாயமானது. ஆனால் முழுப் படத்தையும் வைப்போம். மராக்கேஷ் கோல்ஃப் மைதானங்களுக்காகவும் பாமரேவுக்காகவும் நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கொடுக்கிற திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. பெரிய ரிசார்ட்டில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சம்பளத்தோடு வேலை. பலர் சுற்றுவட்டாரக் கிராமத்தவர்கள்.

ரியாத் பக்கமும் வெள்ளையடித்துச் சொல்ல வேண்டாம். 1990-களிலிருந்து பிரெஞ்சுக்காரர்களும் மற்ற ஐரோப்பியர்களும் மதீனா வீடுகளை வாங்கிக் குவித்தார்கள். விலை ஏறியது. பரம்பரையாக இருந்த குடும்பங்கள் விற்றுவிட்டுப் புறநகர் அடுக்குமாடிக்குப் போயின. சில தெர்ப்களில் பக்கத்து வீட்டுக்காரர் என்று யாருமே இல்லை, எல்லாம் விருந்தினர் இல்லங்கள். உண்மையான மொராக்கோ வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டு போய், பாரிஸ்காரர் வீட்டில் பாரிஸ்காரர்களோடு உட்கார்ந்து காலை உணவு சாப்பிடுவோம்.

செங்கற்சூளை

ராஜாளி சொன்னது சரி. மறுபக்கம் ஒன்று சேர்க்கிறேன். 1980-களில் அந்த வீடுகளில் எத்தனையோ இடியும் நிலையில் இருந்தன. வசதி வந்தவர்கள் கெலீஸ் என்ற பிரெஞ்சுக்காலப் புதுநகருக்குப் போனார்கள், பெரிய வீடுகள் அறை அறையாக வாடகைக்குப் பிரிந்தன. 1985-இல் யுனெஸ்கோ மதீனாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதும் பராமரிக்கக் காசு யாரிடமும் இல்லை. விருந்தினர் இல்லங்கள் வந்த பிறகுதான் ததலாக்த் பூசுகிறவருக்கும் ஸெலீஜ் வெட்டுகிறவருக்கும் தொடர்ந்து வேலை வந்தது, பிள்ளைகளுக்கும் தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள். இதனால் வீடு பிழைத்தது, அக்கம்பக்கம் கலைந்தது. இரண்டும் சேர்ந்தே நடந்தது.

நாம் செய்யக்கூடியது, மொராக்கோ குடும்பமே நடத்துகிற வீட்டைத் தேடி எடுப்பது. இப்போது அப்படிப் பலர் நடத்துகிறார்கள். யார் உரிமையாளர், யார் அங்கேயே இருந்து பார்த்துக்கொள்கிறார் என்று கேட்டால் சொல்வார்கள். கூடவே, அரசு அனுமதி உள்ள விருந்தினர் இல்லமா என்றும் கேளுங்கள்.

லாஷப்பெல்காரன்

அக்கா, வீட்டைப் பதிவு செய்வதற்கு முன் உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டிய கேள்விகளை எழுதிவிடுகிறேன். பிரெஞ்சில் வேண்டும் என்றால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன்.

கார் நிற்கும் இடத்திலிருந்து வாசலுக்கு எத்தனை நிமிஷ நடை என்று கேளுங்கள். மாமியாருக்கு இதுதான் முதல் கேள்வி, படி அதற்குப் பிறகு. பாப் துக்காலா, கஸ்பா, ரியாத் ஸீதூன் பக்கங்களில் கார் ஓரளவு நெருங்கி வரும். சந்தைக்கு நடுவில் இருக்கும் வீடுகள் அழகாக இருந்தாலும் பத்து நிமிஷம் கல் பாவிய தெருவில் நடக்க வேண்டும், மோட்டார் சைக்கிள்கள் உரசிக்கொண்டு போகும்.

கீழ்த்தளத்தில் குளியலறையோடு சேர்ந்த அறை உண்டா, வாசற்படியைத் தவிர அறைக்குப் போக எத்தனை படி, ஒரு படம் அனுப்ப முடியுமா. அறையில் ஏசி சூடும் கொடுக்குமா, குளியலறையில் ஹீட்டர் உண்டா, முற்றத்தைக் குளிர்காலத்தில் மேலே மூடுவார்களா. சில வீடுகளில் கண்ணாடிக் கூரையோ தார்ப்பாயோ இழுத்து மூடுவார்கள், பெரிய வித்தியாசம் தெரியும். குளம் இருந்தால் மூடி போட முடியுமா. இவற்றுக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

ஊர் போய்ச் சேரும் நாளுக்கு ரயில் நிலையத்துக்கே ஆள் அனுப்பச் சொல்லுங்கள். பெத்தி டாக்ஸி என்ற சின்ன டாக்ஸியில் மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், நீங்கள் ஐந்து பேர், பெட்டிகள் வேறு. தெரு முனையில் கரோஸா என்ற தள்ளுவண்டிக்காரர் பெட்டிகளை எடுத்துக்கொள்வார். கூலியை முன்பே பேசி, சில்லறையாகக் கையில் வைத்திருங்கள். திர்ஹாம் இந்தியாவில் கிடைப்பது கஷ்டம், விமான நிலையத்திலேயே கொஞ்சம் மாற்றிவிடுங்கள். நகர வரி என்று ஆளுக்கு ஓர் இரவுக்குச் சிறு தொகை ரொக்கமாகக் கேட்பார்கள், அது முறையானதுதான்.

பயணமூட்டை

இடையில் ஒரு வார்த்தை. ரியாத்தில் மட்டுமே தங்க ஆசைப்படுகிறவர்கள் மராக்கேஷைவிட ஃபெஸ் ஊரைப் பாருங்கள். அங்கே பழைய நகரத்துக்குள் காரே கிடையாது, கழுதையும் கோவேறு கழுதையும் சரக்கு தூக்கும். ஆனால் ஊரே மலைச்சரிவில் ஏறி இறங்கும், முழங்கால் வலி உள்ளவரோடு வேண்டாம். உங்கள் திட்டத்துக்கு மராக்கேஷ்தான் சரி, தரை சமம்.

அடையாறுவாசி

முடிவு பண்ணிவிட்டோம்! கஸ்பா பக்கத்தில் நாலு அறை உள்ள ஒரு தார் வீடு, முழுவதும் எங்களுக்கே, நாலு இரவு. மொராக்கோக் குடும்பம், உரிமையாளரின் அக்காவே சமைக்கிறாராம். கார் நிற்கும் இடத்திலிருந்து மூன்று நிமிஷம். கீழறைக்கு ஒரே ஒரு படி, படம் அனுப்பினார். நிலநடுக்கத்துக்குப் பிறகு மேல்தளத்து உத்தரம் மாற்றிய படங்களையும் நான் கேட்டவுடனே அனுப்பினார், அதைப் பார்த்துத்தான் கணவர் சம்மதித்தார்.

அப்புறம் கடைசி இரண்டு இரவு ரிசார்ட். கேணிக்கரை எழுதியதைப் படித்துவிட்டு, பாமரே வேண்டாம் என்று கணவரே சொன்னார். அட்லஸ் மலை தெரிகிற மாதிரி, ஊருக்குத் தெற்கே அறைகள் குறைந்த ஓர் இடம் பார்த்திருக்கிறார். சூடாக்கிய குளம் ஒன்றுதான், கோல்ஃப் இல்லை. மாமியாரிடம் இரண்டையும் காட்டினோம். சமைக்கிற அம்மாவோடு அடுப்படியில் நிற்க விடுவார்களா என்று மட்டும் கேட்டார்.

டிசம்பர் 26 இரவு மராக்கேஷ் போய்ச் சேருகிறோம்.

ஜுமைரா ராஜாளி

நல்ல முடிவு. முழு வீடு என்ற யோசனை எனக்கே தோன்றியிருக்கவில்லை, அம்மா அப்பாவோடு அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிறேன்.

தேதியை மட்டும் கவனியுங்கள். 26-ஆம் தேதியிலிருந்து நாலு இரவு வீடு என்றால், ரிசார்ட் இரண்டு இரவும் 30, 31-இல் விழுகிறது. டிசம்பர் 31 அன்று பெரிய ஹோட்டல்கள் பலவற்றில் புத்தாண்டு விருந்துக் கட்டணம் கட்டாயம், அறை வாடகையோடு ஆளுக்கு ஒரு தொகை தனியாக ஏறும். குழந்தைகளுக்கும் உண்டு. சைவம் சாப்பிடுகிற பெரியவருக்கு அந்த விருந்தில் ஒன்றும் இருக்காது. முடிந்தால் வரிசையை மாற்றி 26, 27 ரிசார்ட், 28-லிருந்து வீடு என்று கேட்டுப் பாருங்கள். நெடும் பயணத்துக்குப் பிறகு முதல் இரண்டு நாள் குழந்தைகளும் குளத்தில் களைப்பு ஆறட்டும்.

அடையாறுவாசி

இது தெரியாமலே பணம் கட்டியிருப்போம் அண்ணா. இப்போதே இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். வீட்டுக்காரர் உடனே பதில் போட்டுவிட்டார், 28-லிருந்து தரமுடியுமாம். ரிசார்ட் பதிலுக்குக் காத்திருக்கிறேன். லாஷப்பெல்காரன் தம்பி, ரிசார்ட்டிலிருந்து கஸ்பாவுக்கு ஐந்து பேரும் பெட்டிகளும் போக கிராந் டாக்ஸி என்கிற பெரிய டாக்ஸி ஒன்று போதுமா, எவ்வளவு பேச வேண்டும்?

லாஷப்பெல்காரன்

ஒரு கிராந் டாக்ஸி போதும் அக்கா, ஆனால் ரிசார்ட் வாசலில் நிற்கிற வண்டியில் ஏறாதீர்கள், விலை கூட்டிச் சொல்வார்கள். கஸ்பா வீட்டுக்காரரிடமே சொல்லி வண்டி அனுப்பச் சொல்லுங்கள். அவர் சொல்லுகிற விலையை இங்கே போடுங்கள், சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.